வெள்ளைக்கு ரிங், சிவப்புக்கு ஆபரேஷன்

1982 பிப்ரவரி 2, செவ்வாய்

பனி. எட்டு மணி வரை எதிர்வீட்டு வாசல் தெரியவில்லை. பால் தாமதம். தொண்டையில் கரகரப்பு.

நேற்று மு.வை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனதை எழுத உட்கார்ந்து, இரண்டு தடவை எழுந்துவிட்டேன். 'மு.' என்று சுருக்கி எழுதுவது யாராவது பார்த்தால் தெரியக்கூடாது என்பதற்காக. அசட்டுத்தனம். இந்த வீட்டில் இருப்பதே நானும் என் மனைவி முத்தம்மாளும்தான்.

காலேஜ் நூலகத்தில் இருந்த காலத்துப் பழக்கம், முதலில் பொருளடக்கம் போட்டுவிட்டால் கை தானாக ஓடும். ஆகவே:

1. டாக்டரம்மா சொன்னது.
2. நான் மு.விடம் சொன்னது. (இரண்டும் ஒன்றல்ல.)
3. மு.வுக்கு இந்த விஷயத்தில் சொந்த அபிப்பிராயம் கிடையாது. நான் சொல்வதுதான்.
4. என் காரணங்கள், நேர்மையாக.
5. இனி செய்ய வேண்டியது.

முதலாவது. சின்ன அறை, பச்சைத் திரை. மு.வைத் திரைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார்கள். பிறகு நர்ஸ் அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தாள். நானும் எழுந்தேன். நீங்கள் இருங்கள் சார் என்றார் டாக்டரம்மா. ஒரு காகிதத்தின் பின்பக்கம் பேரிக்காய் மாதிரி ஒன்று வரைந்து, அது கீழே இறங்கிவிட்டது என்று அம்புக்குறி போட்டார். கர்ப்பப்பை. பிரசவங்களால் வருவது. நெடுநாளாக இருந்திருக்கும், எத்தனை நாளாக என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். அவர் பேனா கொஞ்ச நேரம் நின்றது. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

இரண்டு வழி. ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். பத்து நாள் படுக்கை, ஒன்றரை மாதம் குனிந்து நிமிர்ந்து வேலை கூடாது, அதன் பிறகு தொந்தரவு இல்லை. அல்லது ரப்பர் ரிங் ஒன்றை உள்ளே பொருத்தித் தாங்கவைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வந்து எடுத்துக் கழுவிப் போட வேண்டும், ஆயுள் முழுக்க. பிரஷர் இல்லை, சுகர் இல்லை, ஆபரேஷனைத் தாங்குவார்.

கடைசியில் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். "எது தோதுன்னு அவங்ககிட்டயே கேட்டுட்டு வந்து சொல்லுங்க சார்."

இரண்டாவது. வீட்டுக்கு நடந்து வரும்போது நான் சொன்னது: "ரிங்கு போட்டாப் போதும்ங்கிறாங்க. ஆபரேஷன்னும் ஒண்ணு இருக்காம். இந்த வயசுல வேண்டாம்."

வேண்டாம் என்றது யார் என்று சொல்லவில்லை. டாக்டர் என்று எடுத்துக்கொள்வாள். அப்படி எடுத்துக்கொள்ளும்படிதான் சொன்னேன். அவள் ம் என்றாள். ரொம்ப மெதுவாக நடந்தாள். நான் இரண்டு முறை முன்னால் போய்விட்டு நின்றேன்.

மிச்சம் நாளைக்கு.

பிப்ரவரி 3, புதன்

பனி குறைவு. வேட்டி சலவைக்கு: 3. குடை ரிப்பேர், மறந்தேன்.

காலையில் பழைய காலேஜ் நூலகத்துக்குப் போனேன். இப்போதிருக்கும் நூலகர் எழுந்து நின்று மரியாதை செய்தார், அதுவே கூச்சம். மருத்துவப் புத்தகம் எந்த அலமாரியில் என்று கேட்காமலே தெரியும், நான் அடுக்கியதுதான். எடுத்து ஒரு பெரிய அட்லஸுக்கு நடுவில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். படம் வந்ததும் மூடிவிட்டேன். திரும்பத் திறந்து படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் படித்தேன். நிற்கும்போது பாரம். இருமினால், சிரித்தால், கனமாகத் தூக்கினால் கீழே இறங்கும். உட்காருவது கஷ்டம். நோயாளிகள் பெரும்பாலும் வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை என்று ஒரு வரி.

இந்தப் புத்தகம் என் அலமாரியில் இருந்த வருடங்களில் நான் அதைத் தூசி தட்டியதோடு சரி.

நான்காவது, என் காரணங்கள்.

அ. மு.வுக்கு வயது அறுபத்தொன்று.
ஆ. என் அக்கா ஆபரேஷனுக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. அது வேறு நோய், வேறு காலம். இருந்தாலும்.
இ. மயக்க மருந்து.
ஈ. நேர்மையாக என்று போட்டுவிட்டேன், ஆகவே இதுவும். ஒன்றரை மாதம் அவள் அடுப்படிக்கு வர முடியாது. எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

ஈ-யைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். மனதில் வந்த வரிசை அதுவல்ல.

போன வருடம் பிரஷர் குக்கர் வாங்கினோம். டவுனில் மூன்று கடை ஏறி இறங்கினாள். மூடியைக் கழற்றி மாட்டச் சொன்னாள், ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டாள், விசில் வராவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டாள். கடைக்காரர், "ஏத்தா, நீங்க கேக்குற கேள்விக்கு இத செஞ்ச கம்பெனிக்காரன்தான் வரணும்" என்றார். நான் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எதற்கு இதை எழுதுகிறேன் தெரியவில்லை.

சாயங்காலம். மு. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள், வெள்ளிக்கிழமை ஒத்தக்கடை அம்மன் கோவிலுக்குப் போய்ப் பூக் கட்டிப் பார்த்துவிடலாம் என்று. அவள் பிறந்த வீட்டுச் சாமி. எங்கள் கல்யாணம், மகள் சாந்தியைப் பரவை ஊரில் கட்டிக்கொடுத்தது, கே.கே. நகரில் இந்த வீட்டை முடித்தது எல்லாமே அங்கே பூ கேட்டுத்தான். இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சாமி காலடியில் வைத்து, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள்.

டாக்டர் சொன்ன பிறகு சாமியிடம் கேட்க என்ன இருக்கிறது என்றேன்.

"டாக்டரு ரெண்டு வழி இருக்குன்னுதான சொன்னாங்க. அதுல ஒண்ணச் சாமி சொல்லட்டும். வெள்ள வந்தா ரிங்கு. செவப்பு வந்தா ஆபரேசன்."

ஆக, மூன்றாவது குறிப்பு சரி. அவளாக ஒன்றும் நினைக்கவில்லை. என்னிடம் விட்டாள், இப்போது சாமியிடம் விடுகிறாள்.

பிப்ரவரி 4, வியாழன்

வெயில் வந்துவிட்டது. பல்லில் கூச்சம். மின்சாரம் இரண்டு மணி நேரம் இல்லை.

மு. சாயங்காலம் பின்பக்கத்திலிருந்து நந்தியாவட்டையும் சிவப்பு அரளியும் பறித்து, தட்டில் வைத்து என்னிடம் கொடுத்தாள். "நீங்க கட்டுங்க. நான் கட்டுனா எது எதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோகும்." சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு மோருக்குப் போனாள்.

கட்டினேன். காகிதம் ஒரே அளவில் இரண்டு. நூல் ஒரே நீளம். புத்தகப் பார்சல் கட்டும் முடிச்சு.

இரண்டிலும் நந்தியாவட்டை.

அரளியைக் காகிதத்தில் மடித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். பொட்டலங்களை சாமி அலமாரியில் வைத்தேன். கை கழுவினேன். திரும்பவும் கழுவினேன்.

நாற்பது வருடம் மாணவர்களிடம் அபராதம் வசூலித்தவன். புத்தகத்தில் ஒரு பக்கம் கிழித்தவனைத் தலைமையாசிரியர் முன்னால் நிறுத்தியிருக்கிறேன், பள்ளி நூலகத்தில் இருந்தபோது.

மு. மோரோடு வந்து கட்டியாச்சா என்று கேட்டாள். ஆச்சு என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது.

பிப்ரவரி 5, வெள்ளி

எப்படி எழுதுவது. வரிசையாகவே எழுதுகிறேன்.

பஸ்ஸில் கூட்டம். மேலூர் போகிற வண்டி. மு.வுக்கு உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக் கால்களைச் சேர்த்து நின்றாள். ஒத்தக்கடையில் இறங்கும்போது கடைசிப் படியில் ஒரு கணம் நின்று சேலையைச் சரிசெய்தாள். கண்டக்டர், "அம்மா, வீட்டுல போய்க் கட்டிக்கலாம், எறங்குங்க" என்றான். பின்னால் சிரிப்பு. அவள் சேலையைச் சரிசெய்யவில்லை. அந்தப் புத்தகத்தைப் படித்த பிறகு எனக்குத் தெரிகிறது. படி இறங்குவதற்கு முன்னால் அவள் இப்படி நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பெண்கள் சேலையைச் சரிசெய்வார்கள் என்றுதான் நினைத்தேன்.

கோவிலில் கூட்டம் அதிகமில்லை. யானைமலைப் பக்கமிருந்து நல்ல காற்று. பூசாரி மு.வுக்குத் தம்பி முறை. என்ன காரியம் என்று கேட்டார். ஒரு வைத்திய விஷயம் என்றேன். மேலே கேட்கவில்லை. பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்தார். அர்ச்சனைக்கு வந்திருந்த ஒருத்தியின் இடுப்பிலிருந்த பெண் குழந்தையை வாங்கிக் கீழே விட்டார். அது முதலில் மணியைப் பிடிக்கப் போனது. பிறகு ஒரு பொட்டலத்தை எடுத்து வாயில் வைத்தது. பூசாரி பிடுங்கி நூலை அறுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

சிவப்பு அரளி, இரண்டு பூ. பூசாரி உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். மு. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மற்ற பொட்டலத்தை வழக்கப்படி பிரிக்காமல் பூசாரி பழைய மாலைகளோடு எறிந்தார்.

"அம்மா சொல்லிட்டா. தைரியமாப் போக்கா, கூடவே நிப்பா" என்றார்.

திரும்பி வரும்போது இடம் கிடைத்தது. மு. சன்னல் பக்கம். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.   இரண்டிலும் வெள்ளை வைத்தேன். வந்தது சிவப்பு.

பிப்ரவரி 6, சனி

சரியாகச் சாப்பிடவில்லை. மு. காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு அழுகை வரும்போலிருந்தது.

சாத்தியங்கள்:
1. என் கண். அந்தச் சாயங்காலம் மின்சாரம் இல்லாத நேரம். ஆனால் நந்தியாவட்டைக்கும் அரளிக்கும் தொட்டாலே வித்தியாசம் தெரியும்.
2. குங்குமம் பட்டுச் சிவந்தது. இல்லை. இதழ் வேறு.
3. பூசாரி மாற்றினார். அவருக்கு எந்தப் பூவுக்கு எது என்றே தெரியாது. சொல்லவேயில்லை.
4. மிச்சமிருப்பதை எழுதக் கை வரவில்லை.

எம்.ஏ. படித்தவன். மூடநம்பிக்கை பற்றி மாணவர் மன்றத்தில் பேசியவன். இன்று குளித்துவிட்டு அம்மன் படத்துக்கு முன்னால் நிற்கப் பயந்து, பக்கவாட்டில் நின்று கும்பிட்டேன்.

எதிர்வீட்டு துளசிராம் வந்தார். நூல் கடையை மகன்களிடம் கொடுத்துவிட்டு ஓய்வாக இருப்பவர். வீட்டில் சௌராஷ்டிர மொழி, என்னிடம் தமிழ். போன வருடம் கண் ஆபரேஷன் செய்துகொண்டார். அதைப் பற்றிப் பேசாமல் அவரால் காபி குடிக்க முடியாது. மூன்று டாக்டரிடம் போனாராம். மூவரிடமும் அதே மூன்று கேள்வி கேட்டாராம்: எத்தனை நாளில் படிக்கலாம், சரியாக வராவிட்டால் என்ன செய்வீர்கள், உங்கள் அப்பாவுக்கு என்றால் எப்போது செய்வீர்கள்.

"கோவிச்சுக்கலையா" என்றேன்.

"ஒருத்தர் கோவிச்சாரு. அவருகிட்ட செய்யலை. ஏன் சார், ஒரு கட்டு நூலு வாங்கவே நாலு கடையில இழுத்துப் பாக்குறோம். அந்து போனா வேற நூலு வாங்கலாம். கண்ணு வாங்க முடியுமா?"

அவரிடம் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. பூ அதிசயத்தைச் சொன்னால் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அதிசயமே இல்லை. வீட்டில் உடம்பு சரியில்லை, ஆபரேஷன் என்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"அம்மா என்ன சொல்றாங்க?"

டாக்டரம்மாவும் இதைத்தான் கேட்கச் சொன்னார். துளசிராமும் இதைத்தான் கேட்கிறார். சாமி சொன்னபடி என்றேன். தலையை ஆட்டினார். பிறகு, "சாமி சொன்னது சரி. அம்மா என்ன சொல்றாங்க?" என்றார்.

காபி ஆறிவிட்டது, வேறு கொண்டு வரச் சொல்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

பிப்ரவரி 7, ஞாயிறு

மேகமூட்டம். குடை வந்துவிட்டது, கைப்பிடி சரியில்லை.

வாசகசாலைக்குப் போவதாகச் சொல்லி ஒத்தக்கடை போனேன். தேங்காய், கற்பூரம், வெற்றிலை. அம்மனிடம் மன்னிப்புக் கேட்க. வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. மனசுக்குள் சொன்னால் போதுமா என்று சந்தேகம் வந்து, உதட்டை அசைத்துச் சொன்னேன். பூசாரி பார்த்துவிட்டார்.

என்ன மச்சான் தனியா, அக்கா வரலையா என்றார். சும்மா ஒரு அர்ச்சனை என்றேன். தேங்காய் உடைத்தார். நல்ல காய். எனக்குத்தான் அழுகலாக வந்துவிடுமோ என்று உடம்பு வியர்த்தது. பிறகு எப்படியோ கேட்டுவிட்டேன், பூக் கட்டுவதில் யாராவது தப்புச் செய்தால் என்ன ஆகும் என்று.

"தப்புன்னா? ரெண்டுலயும் ஒரே பூவ வச்சுக் கட்டிட்டு வாரதா?"

நான் உடைந்த தேங்காயைப் பார்த்தேன்.

"அம்புட்டுப் பேரும் செய்யிறதுதான் மச்சான். சொத்துப் பிரிக்க வர்றவன், பொண்ணுக் கேட்டு வர்றவன், வக்கீலு ஒருத்தரு கூட. நான் நூல அறுக்கையிலயே அவன் மூஞ்சியில தெரிஞ்சுபோகும்."

தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்றேன்.

"என்ன செய்ய? வச்சவன் மனசுல இருக்கிறதுதான் வருது. தெரியாமத் திரிஞ்சவனுக்கு அவன் மனசு தெரிஞ்சுருச்சுல்ல, அதுவும் நல்லதுதான்னு திருநீறு குடுத்து அனுப்பிருவேன்."

எனக்கு அப்படி வரவில்லையே என்று சொல்ல முடியவில்லை. என் மனதில் இருந்தது வெள்ளை. திருநீறு வாங்கிக்கொண்டு வந்தேன். பயம் அதிகமாகிவிட்டது.

பிப்ரவரி 8, திங்கள்

தெப்பத் திருவிழா. தெருவில் பாதி வீடு பூட்டு. சாந்தி குழந்தைகளோடு பரவையிலிருந்து வந்தாள். கத்திரிக்காய், மொச்சை. அம்மாவைத் தெப்பக்குளத்துக்குக் கூப்பிட்டாள். அவ்வளவு நேரம் நிற்க முடியாது, நீ போய்வா என்று மு. அனுப்பிவிட்டாள்.

மதியம் நாங்கள் இருவர் மட்டும். மு. நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்து மொச்சை உரித்தாள். நான் எதிரில் ஸ்டூலில். சொல்லிவிட்டேன். நேற்றே பாதி உயிர் போய்விட்டது, இதற்கு மேல் என்ன. டாக்டரம்மா அவளிடம் கேட்கச் சொன்னதைச் சொன்னேன். வேண்டாம் என்றது நான்தான் என்று சொன்னேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை வைத்ததைச் சொன்னேன். அப்படியும் அம்மன் சிவப்பைக் கொடுத்தாள், என் புத்திக்கு எட்டவில்லை, மன்னித்துக்கொள் என்றேன். 

மு. மொச்சையைக் கீழே வைத்தாள். முகத்தை முந்தானையால் மூடினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்தாள். இப்படிச் சிரித்து நான் பார்த்து வருடங்கள் ஆகின்றன. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, மேசை விளிம்பைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் ஒரு சுளிப்பு. கொஞ்ச நேரம் அசையவில்லை. சிரித்தால் இறங்கும். படித்திருக்கிறேன்.

சரியான பிறகு சொன்னாள்.

"ரெண்டுலயும் வெள்ளய வச்சது நீங்க. ரெண்டுலயும் செவப்ப வச்சது நானு. அம்மன் பாவம், அவ என்ன செய்வா."

எனக்குப் புரிய நேரமாயிற்று. எப்படித் தெரியும் என்றேன்.

"வெள்ளிக்கெழம காலையில குப்பயக் கொட்டப் போனேன். நான் பறிச்சு வச்ச அரளி காயிதத்துல மடிச்சுக் கெடந்துச்சு. குப்பைக்குப் போறதையும் மடிச்சுப் போடுற ஆளு இந்த வீட்டுல யாரு? அப்பறம் பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்தேன். உங்க முடிச்ச அவுக்கத்தான் நேரமாச்சு."

அதே முடிச்சை எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். கேட்கவேண்டிய கேள்வி அதுவா. நாற்பது வருடமாக நீங்கள் கட்டுவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்றாள்.

டாக்டரம்மா சொன்னதும் அவளுக்கு முன்பே தெரியும். சேலை கட்டும்போது நர்ஸ் சொல்லிவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களிடமும் விசாரித்திருக்கிறாள், ஒருத்தி ஆபரேஷன் ஆனவள், ஒருத்தி ரிங் போட்டவள். எது எப்படி, எத்தனை நாள், எங்கே வலிக்கும், எல்லாம். நான் உள்ளே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்.

அப்படியானால் என்னிடம் நேராகவே ஆபரேஷன்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கலாமே, பூ எதற்கு என்றேன்.

"நான் சொன்னா நீங்க பத்துக் காரணம் எழுதிட்டு வருவீங்க. சாமி சொன்னா எழுத மாட்டீங்கள்ல."

 அவள் மொச்சையைத் திரும்ப எடுத்தாள். கோபமாகச் சொல்லவில்லை, விலை சொல்வது போலத்தான் சொன்னாள்.

"சொல்லாம இருந்தேன்னு சொல்லாதீங்க. மூணு வருசமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், நிக்க முடியல, கீழ இழுக்குது, ஒக்கார முடியலன்னு. நீங்க கால்வலின்னு தைலம் வாங்கியாந்தீங்க."

சாந்தி வந்துவிட்டாள். குழந்தைகள் ஊதலோடு. அதற்கு மேல் பேசவில்லை.

பிப்ரவரி 9, செவ்வாய்

அலமாரியில் தைல பாட்டில் நான்கு. ஒன்று மட்டும் பாதி தீர்ந்தது. மற்றவை பிரிக்கவே இல்லை. ஒன்றில் மருந்துக்கடைச் சீட்டு, என் கையெழுத்தில் 'மு. கால்' என்று.

அவள் தேய்த்துக்கொள்கிறாளா என்று ஒருநாளும் கேட்டதில்லை. வாங்கி வந்தேன், வைத்தேன், கடமை முடிந்தது.

சாந்தி ஊருக்குப் போகும்போது தன் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. ஆபரேஷன் முடிந்து பரவைக்கே வந்துவிடு, அப்பாவையும் கூட்டிக்கிட்டு வா என்றாள். மு. சொன்னாள்: "அதெல்லாம் வேண்டாம்த்தா. நீ பத்து நாளு வந்து இரு போதும். மத்த நாளைக்கு உங்கப்பா சோறு வடிக்கட்டும். எம்புட்டுப் பொஸ்தகம் படிச்சவரு."

எல்லாம் அவள் யோசித்து வைத்திருக்கிறாள். என் ஈ-க் காரணத்தையும் சேர்த்து. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கிறது. அதுதான் தாங்கவில்லை.

மத்தியானம் சோறு வைத்தேன். அவள் நாற்காலியிலிருந்து சொல்லச் சொல்ல. வடிக்கும்போது மூடி நழுவிப் பாதி சோறு தொட்டியில். இடது கட்டைவிரல் சுட்டுவிட்டது. அவள் மிஞ்சியதில் எனக்கு அதிகம் போட்டாள். தட்டை அவள் பக்கம் தள்ளினேன். இருவரும் தள்ளிக்கொண்டே இருந்தோம்.

பிப்ரவரி 10, புதன்

லேசான பனி. சலவை வந்தது, வேட்டி 2. ஒன்று குறைகிறது.

டாக்டரம்மாவிடம். கேட்க வேண்டியவற்றைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். துளசிராம் கேட்ட கேள்விகளையும் சேர்த்து. இன்றைக்காவது கேட்பேன் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன்.

நர்ஸ் வந்து, சார் உள்ளே வாங்க, அம்மா பெஞ்சில் இருங்க, டாக்டர் கூப்பிடும்போது வரலாம் என்றாள். நான் எழுந்துவிட்டேன். பழக்கம். மு. என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவரு இருக்கட்டும்மா. நான்தான் பேசணும்."

உள்ளே போனாள். கதவு சாத்தியாயிற்று. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். இருபுறமும் பெண்கள். கர்ப்பிணி ஒருத்தியின் அம்மா நகர்ந்து இடம் விட்டு, "ஒங்களுக்கு என்னண்ணே?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரிக்கு என்றேன். வீட்டுக்காரிக்கு என்ன என்று கேட்டாள். போன வாரமென்றால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். கர்ப்பப்பை இறக்கம் என்றேன். காது சூடாகிவிட்டது. அவள் முகம் மாறவில்லை. "பாவம், எம்புட்டு நாளாத் தாங்குச்சோ" என்றாள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. மூன்று வருடம் என்றேன்.

உள்ளே ரொம்ப நேரம். மு.வின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. குக்கர் கடையில் கேட்ட அதே குரல். ஒரு தடவை டாக்டரம்மா சத்தமாகச் சிரித்தார். எதற்கு என்று தெரியாது. அன்றைக்கு அந்த இரண்டு பெண்களிடம் விசாரித்து முடித்தபின், இந்தப் பெஞ்சில் இருந்து மு.வும் இப்படித்தான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். உள்ளே நடப்பது அவள் உடம்பைப் பற்றி.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை. சித்திரைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரம்மா கேட்டாராம், முடிந்தால் அடுத்த வாரமே என்று மு. சொல்லிவிட்டாளாம். அம்மா கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாயிற்று, உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா சார் என்றார். பையில் கை போனது. மு. கேட்காமல் விட்டதாக அந்தக் காகிதத்தில் எதுவும் இருக்காது என்று தோன்றியது. இல்லை என்றேன்.

சம்மதப் படிவத்தில் என் கையெழுத்தும் வேண்டுமாம். அவள் ஏற்கெனவே போட்டிருந்தாள். ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தமாக, கோட்டுக்கு மேலே ஏறி. அதற்குக் கீழே என்னுடையதைப் போட்டேன். சின்னதாக.

வரும்போது அவள் வேகத்துக்கே நடந்தேன். உள்ளே என்ன கேட்டாய், டாக்டரம்மா எதற்குச் சிரித்தார் என்று கேட்டேன்.

"அது எனக்கும் அவங்களுக்கும்."

கொஞ்ச தூரம் போனதும், பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். பயம் எனக்குத்தான், அவளுக்கு இல்லை என்று இந்த ஒரு வாரமாக எப்படியோ நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். வெயில்கூட இல்லை.

மூன்றாவது குறிப்பு தவறு. அவளுக்கு அபிப்பிராயம் இருந்தது. மூன்று வருடமாகச் சொல்லியும் இருக்கிறாள்.